பெரிய டயர் மாட்டும் முன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன் நான். காடு மேடு ஏறும் வண்டிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம், தரையிலிருந்து நன்றாகத் தூக்கி, மட்கார்டை நிறைத்துக்கொண்டு தடித்த டயர் நிற்கிற மாதிரி ஒரு படமும் கூடவே வருகிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கும் அந்த உருவம் பிடிக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நேராக டயர் கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். நானும் அப்படிப் போனவன். அதனால் படத்தில் தெரியாத சில விஷயங்களை எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் வண்டியோடு வந்தது 235/75 R15 டயர். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அகலம் 235 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 176 மி.மீ., அது மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் 15 இன்ச் ரிம் 381 மி.மீ., எல்லாவற்றையும் கூட்டினால் சுமார் 733 மி.மீ. உயரம், கிட்டத்தட்ட 29 இன்ச். இதைக் கழற்றிவிட்டு 33 இன்ச் டயர் மாட்டினேன். இடிக்காமல் இருப்பதற்காக, பாடியை மேலே தூக்குகிற லிஃப்ட் கிட், 3 இன்ச் அளவில் போட்டார்கள். காலையில் விட்டு மாலையில் எடுத்து வந்தேன், வண்டி கம்பீரமாக நின்றது, அன்று இரவு இரண்டு முறை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது வாரம் ஒரு குறுக்குப் பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்க இடது சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. எங்கே கால் வைத்து ஏறலாம் என்று பார்க்க இறங்கிக் குனிந்தபோதுதான் கவனித்தேன், அந்தச் சக்கரத்துக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாய், அதாவது பிரேக் ஹோஸ், வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. இன்னும் ஒரு இன்ச் சக்கரம் கீழே இறங்கியிருந்தால் அது பிய்த்துக்கொண்டு போயிருக்கும். பின்சீட்டில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்கு ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்ததை இப்போது நினைத்தாலும் கை சில்லிட்டுப் போகிறது.

லிஃப்ட் போட்ட ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோது, கிட் பெட்டியில் நீளமான ஹோஸ் இல்லை, அதனால் பழையதையே விட்டுவிட்டோம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் கிடையாது. பெட்டியில் இருந்ததை மாட்டினார்கள், இல்லாததை யோசிக்கவில்லை. அங்கேதான் எனக்கு ஆதங்கம். டயர் என்றும் சஸ்பென்ஷன் என்றும் தனித்தனியாகப் பேசுகிறோம், தனித்தனியாக வாங்குகிறோம், ஆனால் வண்டிக்கு அது ஒரே வேலை. ஒரு நூலை இழுத்தால் பத்து முடிச்சு நகரும். எல்லா முடிச்சையும் பார்த்துச் சரி செய்யாமல் வண்டியை வெளியே விடக் கூடாது.

உயரத்திலிருந்தே தொடங்குகிறேன். சக்கரத்தின் நடு அச்சு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பது டயரின் பாதி உயரம்தான். 29 இன்ச்சிலிருந்து 33 இன்ச்சுக்குப் போனால் கூடுவது 4 இன்ச் அல்ல, 2 இன்ச். இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டாக இணைக்கிற முழு ஆக்சில் உள்ள வண்டிகளில் கல்லில் முதலில் இடிப்பது, அந்த ஆக்சிலில் கியர்களை அடக்கித் தொங்குகிற டிஃபரன்ஷியல் குண்டு. ஸ்பிரிங்கை 3 இன்ச் தூக்கினாலும் 6 இன்ச் தூக்கினாலும் அந்தக் குண்டு ஒரு மி.மீ. கூட மேலே போகாது, பாடி மட்டும்தான் மேலே போகும். அதைத் தூக்குவது டயர் ஒன்றுதான். அப்போ லிஃப்ட் எதற்கு? டயர் இடிக்காமல் இருக்க, வண்டியின் வயிறும் முன் பின் பம்பர்களும் மேட்டில் முட்டாமல் இருக்க. ஆகவே முதலில் டயரின் அளவை முடிவு செய்ய வேண்டும், அதற்குத் தேவைப்படும் அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், லிஃப்ட் கிட்டை வாங்கிவிட்டு அந்த இடத்தை நிரப்ப டயர் தேடுகிறார்கள்.

சரி, டயர் பெரிதானால் என்ன ஆகும்? ஒரு சுற்றுக்கு அது போகிற தூரம் கூடுகிறது, என் கணக்கில் 14 சதவீதம் அளவுக்கு. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி நிஜத்தில் 91-ல் போய்க்கொண்டிருக்கிறது. ஓடோமீட்டரில் 10,000 கி.மீ. ஏறும்போது வண்டி நிஜத்தில் ஓடியது 11,380 கி.மீ., கிலோமீட்டர் கணக்கெல்லாம் அங்கேயே தப்பிவிடும். பெரிய டயர் போட்டதும் மைலேஜ் பயங்கரமாக விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும், கொஞ்சம் நிஜமாகவே விழுந்திருக்கும், கொஞ்சம் மீட்டர் குறைத்துக் காட்டுவதால் விழுந்த மாதிரி தெரியும். மீட்டரைத் திருத்திவிட்டு அப்புறம் கணக்குப் போடுங்கள்.

இதைவிடப் பெரிய தொல்லை இழுவை. ஆக்சிலுக்குள் இருக்கிற கிரவுன் பினியன் பல்சக்கரங்களின் விகிதம் 4.10, அதாவது எஞ்சின் பக்கத்திலிருந்து வருகிற தண்டு 4.10 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்று வைத்துக்கொண்டால், 33 இன்ச் டயர் போட்டபின் எஞ்சினுக்கு அது 3.60 மாதிரிதான் இருக்கும். மேட்டில் முதல் கியரில் மூச்சு வாங்கும், கிளட்சைப் பாதி அழுத்திக்கொண்டே ஏற்றத் தோன்றும், அப்படி ஏற்றினால் கிளட்ச் எத்தனை நாளுக்குத் தாங்கும்? ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மேலும் கீழும் அலைந்து ஆயில் சூடாகும். இறக்கத்தில் இன்னும் மோசம், மெதுவாக ஆனால் பலமாக இழுக்கிற லோ ரேஞ்ச் கியரில் எஞ்சின் பிடித்து நிறுத்துகிற அந்த நிதானம் குறைந்து போகும், கால் பிரேக்குக்கே போய்க்கொண்டிருக்கும். பழைய இழுவை திரும்ப வேண்டும் என்றால் 4.67 விகிதம் வேண்டும், அதற்குப் பக்கத்தில் பொதுவாகக் கிடைப்பது 4.56, இல்லையென்றால் 4.88. நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் ஆக்சில், பின் ஆக்சில் இரண்டிலும் ஒரே விகிதத்துக்கு மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான்கு சக்கர இழுவையைப் போட்டால், முன் பின் ஆக்சில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் உடைந்துதான் நிற்கும். இந்தச் செலவையும் வேலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டபிறகும் 33 வேண்டுமா என்று கேட்டால், பாதிப் பேர் 31-க்கு இறங்கி வந்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன்.

அதே பிரேக் கேலிப்பர், அதே டிஸ்க், ஆனால் டயரின் ஆரம் மட்டும் பெரிது. பெடலில் முன்பு கொடுத்த அதே அழுத்தம் கொடுத்தால் தரையில் கிடைக்கிற நிறுத்தும் விசை 12 சதவீதம் குறைவு. கனமான மட் டயரும் ரிம்மும் சேர்ந்து சக்கரத்துக்குப் பத்து கிலோ கூடுவது சாதாரணம், சுற்றிக்கொண்டிருக்கிற அந்தக் கனத்தையும் பிரேக்தான் நிறுத்த வேண்டும். புது டயரோடு சாலைக்குப் போவதற்கு முன் ஆளில்லாத இடத்தில் நாலைந்து முறை அழுத்தி நிறுத்திப் பாருங்கள், கால் புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும்.

டயரின் பக்கச்சுவரில் இருக்கிற எடை எண்ணையும் பாருங்கள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 112 என்றால் 1,120 கிலோ. வண்டியோடு வந்த எண்ணுக்குக் கீழே எக்காரணம் கொண்டும் போகக் கூடாது.

இப்போது சஸ்பென்ஷன். லிஃப்ட் என்று ஒரே பெயர் சொன்னாலும் வழிகள் பல. காயில் ஸ்பிரிங் வண்டிக்கு உயரமான ஸ்பிரிங் போடலாம், அதுதான் முறையான வழி. ஸ்பிரிங்குக்கு மேலே ஸ்பேசர் வைத்துத் தூக்குவதும் உண்டு, ஒரு அளவுக்குள் இருந்தால் குற்றமில்லை, ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய நீளத்திலேயே இருந்தால் சக்கரம் கீழே இறங்குவதற்கான தூரம் குறைந்துவிடும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஒரு பட்டை கூடுதலாகச் சொருகுவார்கள், பட்டையின் நுனியைச் சட்டத்தோடு இணைக்கிற ஷேக்கிளை நீளமாகப் போடுவார்கள், ஷேக்கிளை 2 இன்ச் நீட்டினால் வண்டி 1 இன்ச்தான் உயரும் என்பதைக் கடையில் சொல்ல மாட்டார்கள். ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்குவது பின்பக்கத்தில் மட்டும், அதுவும் ஒரே கட்டை. முன் ஆக்சிலில் கட்டை வைத்த வண்டியில் நான் ஏறவே மாட்டேன், பிரேக் போடும்போது ஆக்சில் முறுக்குகிற விசையில் அந்தக் கட்டை நழுவினால் ஸ்டியரிங் கையில் இருந்தும் பயனில்லை.

முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிக் கொடுக்கிற கம்பி, அதாவது டார்ஷன் பார், உள்ள வண்டி வைத்திருக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் உயர்ந்துவிடுகிறது, செலவே இல்லை என்று ஆசையாக இருக்கும். ஆனால் அங்கே உயரம் சும்மா வரவில்லை, சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த தூரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. அதிகமாகத் திருகினால் சின்னப் பள்ளத்துக்கே மேல் ஆர்ம் போய் ஸ்டாப்பரில் டொக்கென்று இடிக்கும், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற சி.வி. ஜாயிண்ட்டின் கோணம் கூடி அதன் ரப்பர் பூட் கிழியும், கிழிந்த இடத்தில் மண் போனால் ஜாயிண்ட் கதை முடிந்தது. கரடுமுரடான பாதையில் வண்டியை இழுப்பது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கிற சக்கரம்தான். தொங்குகிற தூரத்தைப் பறிகொடுத்துவிட்டு உயரத்தை வாங்கினால், பார்வைக்கு உயரமான வண்டி கல்லில் ஒற்றைச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.

லிஃப்ட் போட்டபின் வண்டி நேராகப் போகாமல் அலைகிறது, ஸ்டியரிங் தானாகத் திரும்பி வருவதில்லை என்று சொன்னால், பத்தில் ஒன்பது இடத்தில் மறுபடி பேலன்சிங் செய்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு. ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கிற ரேடியஸ் ஆர்ம் உள்ள முழு ஆக்சில் வண்டிகளில், பழைய டிஃபெண்டர், லேண்ட் க்ரூசர் 80, ஜிம்னி எல்லாம் அந்த வகை, பாடியைத் தூக்கினால் ஆக்சில் முன்பக்கம் உருண்டு கேஸ்டர் குறைந்துவிடும். சைக்கிளில் கையை விட்டாலும் நேராகப் போவதற்கு முன் ஃபோர்க்கின் சாய்வு உதவுகிறது அல்லவா, அதே சாய்வுதான் இது. அதைத் திருப்பிக் கொண்டுவரத் தனி புஷ்ஷோ, திருத்திய ஆர்மோ போட வேண்டும். கூடவே, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பேன்ஹார்டு ராடு. அது ஒரு பக்கம் பாடியிலும் மறுபக்கம் ஆக்சிலிலும் பூட்டியிருப்பதால், உயரம் கூடக் கூட ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பின்னால் நின்று பார்த்தால் ஒரு டயர் கொஞ்சம் வெளியே துருத்தியும் இன்னொன்று உள்ளே போயும் தெரியும். அளவு திருத்துகிற ராடு போட்டு நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். புஷ் தேய்ந்து, ராடு தளர்ந்து, கேஸ்டரும் தப்பிய வண்டி ஒரு சின்ன மேடு ஏறி இறங்கியதும் ஸ்டியரிங் பேய் பிடித்த மாதிரி ஆடும், அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

ஷாக் அப்சார்பர் விஷயத்தில் ஒரு சோதனை இருக்கிறது, இதை எந்த ஒர்க்‌ஷாப்பும் செய்ய முடியும், ஏன் செய்வதில்லை என்று புரியவில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஷாக்கை மட்டும் பூட்டி, ஜாக்கியால் ஆக்சிலின் ஒரு பக்கத்தை மேலே கொண்டுபோய், மறுபக்கத்தைக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். மேலே போகிற பக்கத்தில் ஷாக் முழுதாக மடங்குவதற்கு முன்பே பம்ப் ஸ்டாப் ரப்பர் இடித்து நிறுத்த வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் அடி வாங்குவது ஷாக்கின் உயிர். பெரிய டயர் என்றால் பம்ப் ஸ்டாப்பையும் கொஞ்சம் நீட்ட வேண்டியிருக்கும், ஏனென்றால் லிஃப்ட் எவ்வளவு இருந்தாலும் சக்கரம் முழுதாக மேலே போகும்போது டயர் மட்கார்டுக்குள் போய்த்தான் ஆகும். அதே நிலையில் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி எங்கே உரசுகிறது என்று பாருங்கள். கீழே தொங்குகிற பக்கத்தில் பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர், ஆக்சிலுக்குள் காற்று போய்வர இருக்கிற ப்ரீதர் குழாய் மூன்றும் தளர்வாக இருக்கின்றனவா, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எங்கும் பிடிக்கிறதா என்று கைவைத்துப் பாருங்கள். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஆட்டிவிட்டு இடிக்கவில்லை என்று சொல்வது சோதனை ஆகாது. இந்த ஒரு மணி நேர வேலையை அன்றைக்குச் செய்திருந்தால் என் வண்டியின் ஹோஸ் அங்கேயே தெரிந்திருக்கும்.

இன்னொன்று, மெக்கானிக் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆர்ம்களின் ரப்பர் புஷ் போல்ட்டை வண்டி அந்தரத்தில் நிற்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கிவிடுகிறார்கள். வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், நாளெல்லாம் அந்த முறுக்கிலேயே ஓடும், ஆறு மாதத்தில் கிழியும். வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்க வேண்டும். வீல் நட்டுகளை 100 கி.மீ. ஓடியபின் ஒரு முறை, சஸ்பென்ஷன் போல்ட்டுகளை 500 கி.மீ. ஓடியபின் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. அலைன்மென்ட் கட்டாயம், அதன் தாளைக் கையில் வாங்காமல் வராதீர்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்கி வையுங்கள், உயர்ந்த வண்டியின் வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் நேராக அடிக்கிறது.

கவிழ்வதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலம் 1,500 மி.மீ., எடையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 700 மி.மீ. என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் அது 47 டிகிரி வரை சாயும் என்று கணக்கு சொல்லும். நடுப்புள்ளியை 100 மி.மீ. உயர்த்தினால் 43 டிகிரி. இது காகிதக் கணக்கு, நிஜத்தில் டயரும் ஸ்பிரிங்கும் நசுங்கிக் கொடுப்பதால் அதைவிட முன்னாடியே கவிழும். மேலே கேரியரில் சாமான் கட்டினால் இன்னும் முன்னாடி. ஓடுகிற வேகத்தில் திடீரென்று விலக்கும்போதும் இதே கணக்குதான் வேலை செய்யும். அகலத்தைக் கூட்டி ஈடு கட்டலாம் என்று ரிம்முக்குப் பின்னால் தடித்த ஸ்பேசர் வைப்பவர்கள் உண்டு, கொஞ்சம் உதவும்தான், ஆனால் அந்த நீட்டல் முழுவதும் வீல் பேரிங்கையும் பால் ஜாயிண்டையும் நெம்புகோல் மாதிரி அழுத்திக்கொண்டே இருக்கும், கல்லில் இடிக்கும்போது ஸ்டியரிங் கையை உதறும்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், 33-ஐக் கழற்றி விற்றுவிட்டேன். இப்போது ஓடுவது 31 இன்ச் டயர், ஒன்றரை இன்ச் உயரமான ஸ்பிரிங், அதற்கு ஏற்ற நீளத்தில் ஷாக், நீளமான பிரேக் ஹோஸ், கேஸ்டர் திருத்திய புஷ். கிரவுன் பினியனில் கைவைக்கவில்லை, லோ ரேஞ்சில் இழுவை போதுமாக இருக்கிறது. முன்பு போன இடங்களுக்கெல்லாம் ஏறக்குறைய போகிறேன். முன்பு 33-ல் ஏறிய மேடுகளில் ஒன்றே ஒன்றுதான் இப்போது ஏற முடியவில்லை.

உண்மையில் டயர் மாற்றுவதற்கு முன் எல்லோரும் செய்து பார்க்க வேண்டியது காற்றைக் குறைப்பது. சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டுகிறவர் மணலிலும் கல்லிலும் 18, 20 வரை இறக்கிப் பார்த்தால், அதே பழைய டயர் நீளவாக்கில் பரவித் தரையை எப்படிப் பிடிக்கிறது என்று ஆச்சரியப்படுவார். தார்ச் சாலைக்குத் திரும்பும் முன் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும், காற்றில்லாத டயரில் வேகமாகப் போனால் பக்கச்சுவர் சூடாகி வெடிக்கும். இரண்டாம் உலகப் போரில் சேற்றிலும் மணலிலும் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16, ஒல்லியான டயர், 29 இன்ச்கூட வராது. வண்டி இலகுவாக இருந்தது, அது போதும் என்றிருந்தது. நம் வண்டிகள் அதைவிடக் கனம்தான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் முதல் பதில் பெரிய டயராகவே இருக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி இப்படிப்பட்ட வண்டியின் படம் போடும்போது, அதன் டயர் அளவு, எத்தனை இன்ச் தூக்கியிருக்கிறார்கள், அதற்காகக் கூடவே என்னென்ன மாற்றினார்கள் என்று கீழே நாலு வரி சேருங்கள். உரிமையாளரிடம் கேட்டால் சொல்லப் போகிறார். நாலு வரியைப் படிக்கிற பையன் கடைக்காரரிடம் சரியான கேள்வியைக் கேட்பான். இந்த வேலையைத் தினமும் செய்கிற மெக்கானிக்குகளும் தாங்கள் பார்த்ததை உங்களுக்கு எழுதினால் எல்லோருக்கும் பயன்படும், நான் சொன்னதில் பிழை இருந்தாலும் அவர்கள் திருத்தட்டும்.

அப்புறம், கடைசியாக ஸ்டெப்னி. நாலு டயர் வாங்கிவிட்டு ஐந்தாவதைப் பழைய அளவிலேயே விட்டுவிடுகிறார்கள். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் நடு டிஃபரன்ஷியல் ஓய்வே இல்லாமல் சுழன்று சூடாகும். ஐந்தாக வாங்குங்கள். பெரிய ஸ்டெப்னியின் கனத்தைப் பின்கதவின் கீல் தாங்குகிறதா என்றும், தூக்கிய வண்டியின் ஆக்சிலுக்குப் பழைய ஜாக்கி எட்டுகிறதா என்றும் வீட்டு வாசலிலேயே ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்